விண்ணிலிருந்து கரையைப் படிப்பது எப்படி? இராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்றுதான் இன்றும் சொல்கிறோம். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்திலேயே அந்தத் தீவுகளின் அரண் தகர்ந்துவிட்டது. அலை அரிப்பும் உயரும் கடலும் மிச்சத்தை முடித்தன. அன்று கரையில் நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள், ஆனால் அளந்து காட்ட அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. இன்று நிலைமை வேறு. வாலிநோக்கத்தில் இருக்கும் ஒரு பள்ளி மாணவி, கடலாடி வட்டத்தின் எந்தக் கரைத்துண்டையும் கடந்த பல ஆண்டுப் படங்களில் வரிசையாகப் பார்க்கலாம். பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

படம் இலவசமாகக் கிடைப்பதால் வேலை முடிந்துவிடாது. கடலை அறிந்தவர் பக்கத்தில் இல்லாமல் செயற்கைக்கோள் படத்தைப் படித்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எப்போது திரும்பும், எந்தப் பக்கம் கலங்கல் வரும், எந்தக் கண்மாயின் உள்வாயில் கருவேலம் மண்டியிருக்கிறது என்பதெல்லாம் படத்தில் எழுதியிருக்காது. ஆகவே, இந்த வழிகாட்டியைக் கணினி தெரிந்த இளைஞரும் கடல் தெரிந்த பெரியவரும் சேர்ந்து உட்கார்ந்து பயன்படுத்த வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"பருவநிலை மாற்றம் நம் கடலை என்ன செய்கிறது?" என்று கேட்டால் எந்தச் செயற்கைக்கோளாலும் பதில் தர முடியாது. "தனுஷ்கோடி அரிச்சல்முனையின் தென்பக்கக் கரை 2016க்குப் பிறகு எவ்வளவு நகர்ந்திருக்கிறது?" என்று கேட்டால் தரலாம். ஓர் இடம், ஓர் அளவு, ஒரு கால எல்லை என்று கேள்வி அமைய வேண்டும்.

நம் கரைக்குப் பொருந்தும் கேள்விகள் ஏறத்தாழ ஐந்து: கரைக்கோடு நகர்வது, கடல்நீர் சூடாவதால் பவளம் வெளுப்பது, மழையும் கண்மாய் நீரும், கடற்புல்லும் அலையாத்திக் காடும், நிலம் உவர்ப்பது. கையில் இருக்கும் ஆளையும் நேரத்தையும் பார்த்து இவற்றில் ஒன்றை எடுங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் குழுக்கள் ஐந்தையும் அரைகுறையாக விட்டுவிடுகின்றன.

செயற்கைக்கோளிடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. நிலத்தடி நீரை எடை போடும் கிரேஸ் செயற்கைக்கோள் 2002இலிருந்து 2017 வரை இயங்கியது; அதன் வாரிசு 2018 முதல் இயங்குகிறது. வட இந்தியச் சமவெளி முழுவதும் நீர் குறைவதை அவை அழகாகக் காட்டின. ஆனால் அவற்றின் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது. முதுகுளத்தூர் கிணற்றைப் பற்றி அவற்றால் ஒன்றும் சொல்ல முடியாது. கடல் மட்டத்தை அளக்கும் செயற்கைக்கோள்களும் இப்படித்தான். 1992இல் டோபெக்ஸ் போஸைடன் தொடங்கிய வரிசையில் ஜேசன் செயற்கைக்கோள்கள் வந்தன. இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து 2013இல் சரல் செயற்கைக்கோளை ஏவின. 2020இல் சென்டினல்-6 வந்தது. உலகக் கடல் மட்டம் 1993இலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. உயர்ந்திருப்பதை இவைதான் அளந்து சொன்னவை. ஆனால் கரைக்குச் சில கிலோமீட்டருக்குள் வந்தால் நிலத்தின் எதிரொலி கலந்து இவற்றின் அளவு குழம்பிவிடும். பாம்பன் கால்வாயில் கடல் எவ்வளவு ஏறியது என்று அறிய, கடலின் ஏற்ற இறக்கத்தை, அதாவது ஓதத்தை, அளக்கக் கரையில் நட்ட ஓத அளவுமானிதான் துணை.

படி 2: கருவிகளைத் தயார் செய்யுங்கள்

சாதாரண மடிக்கணினியும் ஓரளவு நல்ல இணைய இணைப்பும் போதும். தொடக்கத்துக்கு கோபர்னிகஸ் பிரவுசர் என்ற ஐரோப்பிய விண்வெளித் திட்டத்தின் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஐரோப்பியச் செயற்கைக்கோள்களான சென்டினல் வரிசையின் படங்கள் அங்கே இருக்கின்றன. உலாவியிலேயே தேதியை மாற்றிப் பார்க்கலாம், பரப்பை அளக்கலாம், நாள்வாரியாக ஓடும் படத்தையும் உருவாக்கலாம். பழைய காலத்துக்குப் போக அமெரிக்க நில அளவைத் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளம் உதவும். அங்கே லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையின் படங்கள் 1972 முதல் கிடைக்கும். நம் நாட்டின் புவன், மோஸ்டாக் தளங்களிலும் கணக்குத் திறந்து வையுங்கள். இன்சாட் மேகப் படங்களுக்கும் ஓஷன்சாட் தரவுகளுக்கும் மோஸ்டாக்தான் வாசல்.

வரைபடம் செய்ய கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதில் முதல் வேலையாக ஆயத்தொலை முறையை யூ.டி.எம். 44 வடக்கு என்று மாற்றுங்கள். நம் மாவட்டக் கரை அந்த மண்டலத்தில் வருகிறது. இதைச் செய்யாவிட்டால் நீளமும் பரப்பும் மீட்டரில் வராது; பாகையில் வந்து நிற்கும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கூகுள் எர்த் இன்ஜினுக்குப் போகலாம். வணிகம் சாராத பயன்பாட்டுக்கு அது இலவசம். தெரியாதவர்கள் அதற்காகத் தயங்க வேண்டாம். கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை நிரல் இல்லாமலே முடியும்.

படி 3: கரைக்கோட்டை வரையுங்கள்

இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். முடிவை நேரில் போய்க் கரையில் நின்று சரிபார்க்க முடிகிற வேலை இது.

சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் படம் தருகின்றன. ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் 10 மீட்டர். இரண்டு செயற்கைக்கோள்கள் மாறி மாறி வருவதால் ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் கரை படமாகிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு லேண்ட்சாட். அதன் பிக்சல் 30 மீட்டர். லேண்ட்சாட்-7 படங்களில் 2003 மே மாதத்துக்குப் பிறகு கறுப்புப் பட்டைகள் ஓடும். கருவி பழுதானதன் விளைவு அது. முடிந்தவரை லேண்ட்சாட்-5, 8, 9 படங்களையே எடுங்கள்.

தண்ணீரையும் நிலத்தையும் பிரிக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பச்சை ஒளியிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சென்டினல்-2இல் இவை 3ஆம், 8ஆம் அலைவரிசைகள். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் விடை பூஜ்யத்துக்கு மேலே நிற்கும். நிலம் கீழே போகும். கோபர்னிகஸ் பிரவுசரில் நீர்க் குறியீடு என்ற அடுக்கைத் தேர்ந்தாலே இந்தக் கணக்கு போடப்பட்ட படம் வந்துவிடும். கலங்கிய ஆழமற்ற நீரில் இது தடுமாறும். அப்போது 8ஆம் அலைவரிசைக்குப் பதிலாகக் குற்றலை அகச்சிவப்பான 11ஐப் போட்டால் கோடு தெளிவாக விழும். அதன் பிக்சல் 20 மீட்டர் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இனித்தான் கடல் தெரிந்தவரின் வேலை. செயற்கைக்கோள் எப்போதும் காலை பத்தரை மணியை ஒட்டித்தான் நம் தலைக்கு மேல் வருகிறது. அந்த நேரத்தில் கடல் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா என்பது நாளுக்கு நாள் மாறும். நம் பக்கம் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தேவிபட்டினம், தொண்டி போன்ற சரிவே இல்லாத கரையில் அந்தச் சிறு வேறுபாடே நீர் விளிம்பைப் பல மீட்டர் தள்ளிவிடும். இதற்குக் கரையில் உள்ளவர்களுக்குத் தெரிந்த கணக்கே கைகொடுக்கும். ஒரே திதியில் ஓதம் ஏறத்தாழ ஒரே மணிக்கு ஏறும். செயற்கைக்கோளும் ஒரே மணிக்கு வருகிறது. எனவே அமாவாசைப் படத்தை அமாவாசைப் படத்தோடும், அட்டமிப் படத்தை அட்டமிப் படத்தோடும் ஒப்பிடுங்கள். திதி நாள்காட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதிகளைத் தேர்ந்தால் பாதிப் பிழை அங்கேயே போய்விடும்.

மீதிப் பிழை பருவத்தால் வரும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது நம்மவர் ஆண் கடல் என்று சொல்லும் பக்கம், மோதல் அதிகம். வாடை வீசும் காலத்தில் பெண் கடலான பாக் விரிகுடா கொந்தளிக்கும். மணல் ஒரு பக்கம் கரைந்து இன்னொரு பக்கம் சேரும். ஆறு மாதத்தில் திரும்பியும் வரும். மே மாதப் படத்தையும் டிசம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்து "கடல் ஊரை விழுங்குகிறது" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதப் படத்தை எடுங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை. மேகமும் குறைவாக இருக்கும்.

ஆண்டுக்கு ஒரு கோடு வரைந்தாயிற்று என்றால், கரைக்குச் செங்குத்தாக 50 அல்லது 100 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் கரைக்கோடு எந்த ஆண்டில் எங்கே வெட்டுகிறது என்று குறித்து, எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் நேர்கோட்டின் சரிவைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு எத்தனை மீட்டர் என்ற விடை வரும். முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் மட்டும் கழித்துப் பார்ப்பது போதாது. இடையில் ஒரு புயல் வந்திருந்தால் அந்தக் கழித்தல் ஏமாற்றிவிடும்.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? இரண்டு சென்டினல் படங்களுக்கு இடையே 20 மீட்டருக்குக் குறைவான நகர்வு தெரிந்தால் அதை அறிவிக்க வேண்டாம். லேண்ட்சாட்டில் 60 மீட்டர் வரை எச்சரிக்கையாக இருங்கள். தீவுகளின் பரப்பை அளக்கும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு ஹெக்டேர் நிலம் சென்டினலில் 100 பிக்சல். லேண்ட்சாட்டில் வெறும் 11. சின்னத் தீவு ஒன்றில் பெரும்பாலான பிக்சல்கள் பாதி மணலும் பாதி நீருமாக விளிம்பிலேயே இருக்கும். ஆகவே பழைய லேண்ட்சாட் அளவை எழுதும்போது கூடக்குறைய எவ்வளவு இருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

உங்கள் அளவு நாட்டு நிலவரத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்து, இந்தியக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிக்கப்படுவதாகவும் 26.9 விழுக்காட்டில் மணல் சேர்வதாகவும் கண்டது. ஓரிடத்தில் கரை அரிக்கப்படுவதை உடனே பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். பக்கத்தில் புதிதாக அலைத்தடுப்புக் கட்டினார்களா, மணல் அள்ளினார்களா என்று முதலில் கேளுங்கள்.

படி 4: கடல் வெப்பத்தையும் பவளத்தையும் கண்காணியுங்கள்

மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010, 2016, 2024 ஆண்டுகளின் கோடைகளில் பெரிய அளவில் வெளுத்தன. நீர் சூடேறும்போது பவளம் தன் உடலுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. அந்தப் பாசிதான் அதன் நிறமும் உணவும். சூடு சீக்கிரம் தணிந்தால் பவளம் பிழைக்கும். வாரக்கணக்கில் நீடித்தால் செத்துப்போகும். எனவே எவ்வளவு சூடு என்பதோடு எத்தனை நாள் நீடித்தது என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா நடத்தும் பவளக் கண்காணிப்புத் தளம் தினமும் 5 கிலோமீட்டர் நுட்பத்தில் இந்த அளவைத் தருகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையம், மன்னார் வளைகுடா உள்ளிட்ட இந்தியப் பவளப் பகுதிகளுக்குத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. இரண்டையும் பாருங்கள். கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால் எச்சரிக்கையின் பொருள் விளங்கும்.

அந்த இடத்தில் வழக்கமாக மிகச் சூடான மாதத்தின் சராசரி வெப்பம் அடிப்படை. அது 30.0 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து நான்கு வாரம் நீர் வெப்பம் 31.2, 31.5, 30.6, 31.4 என்று வந்தால், அடிப்படைக்கு மேலே 1.2, 1.5, 0.6, 1.4. ஒரு பாகைக்குக் குறைவான மிகுதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆகவே 0.6 விழுந்துவிடும். மற்ற மூன்றின் கூட்டுத்தொகை 4.1 பாகை-வாரம். கடைசி 12 வாரங்களுக்கு இப்படிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 4ஐத் தாண்டினால் வெளுப்பு தொடங்கும். 8ஐத் தாண்டினால் பரவலாக வெளுத்துச் சாவும் நேரும் என்பது பொதுவான எல்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 5 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஆழ்கடலும் வரும், தீவுக்கும் கரைக்கும் நடுவே முழங்கால் அளவு நீரும் வரும். கட்டத்தின் சராசரியைவிட அந்த ஆழமற்ற நீர் வெயிலில் அதிகம் சூடாகும். அது மட்டுமல்ல, செயற்கைக்கோள் காண்பது நீரின் மேல்தோலை. எனவே பார், அதாவது பவளப்பாறை, இருக்கும் ஆழத்தில் வெப்பமானி ஒன்றை இறக்கி வைப்பது தேவை. பெரிய செலவில்லாத, தானே பதிவு செய்யும் சிறு வெப்பமானிகள் கிடைக்கின்றன. தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் அங்கே வைக்க முடியாது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தையோ ஒரு கல்லூரியின் கடல் உயிரியல் துறையையோ முன்னிறுத்தி விண்ணப்பித்தால் வழி எளிதாகும்.

வெளுத்த பவளத்தையே சென்டினல் படத்தில் கண்டுபிடிக்கலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 10 மீட்டர் பிக்சலில், கலங்கல் உள்ள நம் நீரில், வெளுத்த பவளமும் வெறும் மணலும் ஒன்றுபோலவே தெரியும். அதை நம்ப வேண்டாம். எச்சரிக்கை வரும் வாரத்தில் நீரில் இறங்கிப் பார்ப்பவர்களிடம், குறிப்பாகக் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம், கேட்பதே சரி. பவளம் எந்தப் பக்கத்தில் வெளுக்கத் தொடங்குகிறது என்பதை அவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பாகை-வாரக் கணக்கு 4ஐ நெருங்கும்போது செய்யக்கூடியவையும் உண்டு. பாரின் மேல் நங்கூரம் போடுவதையும் மிதித்து நடப்பதையும் நிறுத்தச் சொல்லலாம். பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கும் பணியை அந்த வாரங்களில் தள்ளிப்போடலாம். கடலின் சூட்டை ஊரால் தணிக்க முடியாது. பவளத்துக்கு மற்ற காயங்கள் சேராமல் பார்த்துக்கொள்ள முடியும்.

படி 5: மழையையும் கண்மாயையும் ரேடாரால் பாருங்கள்

2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் சென்டினல்-2 படம் முழுவதும் வெள்ளை மேகம்தான் இருக்கும். மேகத்தைத் துளைத்துப் பார்க்க ரேடார் வேண்டும். சென்டினல்-1 அதைச் செய்கிறது. நம் பகுதிக்கு ஏறத்தாழ 12 நாளுக்கு ஒரு படம். அமைதியான தண்ணீர் ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். கோபர்னிகஸ் பிரவுசரில் வி.வி. என்ற அடுக்கை எடுத்து, ரேடார் எதிரொலியின் வலிமைக்கு மைனஸ் 15 முதல் மைனஸ் 18 டெசிபெல் வரை ஒரு எல்லையை வைத்துப் பாருங்கள். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தண்ணீர் என்று தொடங்கி, தெரிந்த ஒரு கண்மாயை வைத்து எல்லையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கண்மாயின் உள்வாயில் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் அதன் கிளையிலும் அடிமரத்திலும் பட்டு ரேடார் அலை திரும்பிவிடும். கீழே இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் படம் "நிலம்" என்றே சொல்லும். இராமநாதபுரம் பெரிய கண்மாயையும் ஆர்.எஸ். மங்கலம் கண்மாயையும் அளப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். சென்டினல்-1இன் அலைநீளம் ஐந்தாறு செ.மீ. மட்டுமே என்பதால் இலை தழையைத் தாண்டாது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் இங்கேதான் நமக்கு உதவப் போகிறது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள் அது. அதன் எல் அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 24 செ.மீ. என்பதால், அது தழைக்குள் புகுந்து அடியில் உள்ள நீரைத் தொட்டுத் திரும்பும். 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வருகிறது.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாதம் ஒருமுறை ஒவ்வொரு கண்மாயின் நீர்ப்பரப்பையும் ஹெக்டேரில் எழுதி வாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்தக் கண்மாய் நிறைந்தும் வேகமாக வற்றுகிறது, எது மழை பெய்தும் நிறையவே இல்லை என்று பிரிந்து தெரியும். முதல் வகைக்கு மடையையும் கரையையும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு வரத்துக் கால்வாயை. தூர்வார ஒதுக்கும் பணம் எங்கே போக வேண்டும் என்று ஊர் கேட்பதற்கு இதைவிட உறுதியான ஆதாரம் கிடையாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகியவை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ள கண்மாய்கள். அங்கே இதே அட்டவணை பறவைகளுக்கும் பயன்படும்.

ஓர் எச்சரிக்கை. பலத்த காற்றில் நீரின் மேற்பரப்பு சிலிர்த்திருந்தால் ரேடாரில் தண்ணீரும் வெளுத்துத் தெரியும். வாடை ஓங்கி வீசிய நாளின் படத்தைத் தள்ளிவிட்டு அடுத்த படத்தை எடுங்கள்.

நிலம் உவர்ப்பதை இதே முறையில் பார்க்க முயல்பவர்களுக்கு ஒரு சொல்: உப்புப் பூத்த வயலும் காய்ந்த மணலும் உப்பளமும் ஒளிப் படத்தில் ஒரே வெண்மையாகத் தெரியும். மண்ணை எடுத்துச் சோதிக்காமல் எந்த வரைபடமும் போட வேண்டாம்.

படி 6: தணிப்புக்குப் பயன்படுத்துங்கள்

தணிப்பு என்றால் பருவநிலை மாற்றத்தின் வேகத்தைக் குறைக்கும் வேலை. கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் வேலையை நம் கரையில் இரண்டு இயற்கை அமைப்புகள் செய்கின்றன: பாக் விரிகுடாவின் கடற்புல் மேடைகளும் காரங்காடு போன்ற இடங்களின் அலையாத்திக் காடும். இரண்டிலும் கரிமத்தின் பெரும்பங்கு அடியில் உள்ள சேற்றில்தான் சேர்ந்து கிடக்கிறது. சேறு கலையாமல் இருக்கும்வரை அது வெளியே வராது. அதனால்தான் புதிதாக நடுவதைவிட இருப்பதைக் காப்பது முதன்மையானது.

காரங்காட்டை அளப்பது எளிது. சென்டினல்-2இன் 8ஆம் அலைவரிசையிலிருந்து 4ஐக் கழித்துக் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக் குறியீடு வரும். கோடையில் சுற்றிலும் எல்லாம் காய்ந்திருக்கும்போது எடுத்தால் அலையாத்தி மட்டும் பச்சையாகத் தனித்து நிற்கும். சீமைக்கருவேலமும் கோடையில் பச்சையாகவே இருக்கும் என்பதால், ஓதம் ஏறும் எல்லைக்கு வெளியே உள்ளதை ஊர்க்காரர் துணையோடு நீக்கிவிடுங்கள்.

கடற்புல் கடினம். ஒளி நீரைத் துளைத்துத் தரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். சிவப்பு ஒளி சில மீட்டரிலேயே செத்துவிடும். நீலமும் பச்சையும் இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் ஆழம் குறைந்தது என்பது நமக்குச் சாதகம். கச்சான் வீசும் மாதங்களில் அந்தக் கடல் அடங்கியிருக்கும்போது தெளிந்த படத்தைத் தேடுங்கள். பிறகு நாட்டுப்படகில் போய் இடத்தைக் குறிக்க வேண்டும். கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிந்து, அடியில் புல்லா, பாசியா, மணலா, பாரா என்று எழுதி வாருங்கள். குறைந்தது நூறு புள்ளிகளாவது வேண்டும். அதில் பாதியை வரைபடம் செய்யவும் மறுபாதியை வரைபடம் சரியா என்று சோதிக்கவும் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் ஒரே புள்ளிகளைப் பயன்படுத்தினால் வரைபடம் எப்போதும் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

இந்த வரைபடம் கையில் இருந்தால் பேச்சு மாறும். எந்த இடத்தில் இழுவை மடி புல்லைக் கிழித்தது, எங்கே கடல்பசு மேயும் புல்வெளி மிஞ்சியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். ஆனால் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை டன் கரிமம் சேமித்தோம் என்று சொல்லி, அந்தச் சேமிப்பை விற்கும் கரிமச் சந்தைக்குப் போகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். சேற்றைத் துளையிட்டு எடுத்து ஆய்வகத்தில் அளக்காத எந்த டன் கணக்கும் ஊகம்தான்.

தணிப்பின் இன்னொரு பக்கம் சூரிய மின்சாரம். கமுதியில் 2016இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரியப் பூங்கா விண்வெளிப் படத்தில் தெளிவாகத் தெரியும். அடுத்த சில மணி நேரத்தில் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று கணிக்க, அரை மணிக்கு ஒருமுறை வரும் இன்சாட் மேகப் படங்கள் உதவுகின்றன. அதே பூங்கா, அதைச் சுற்றியுள்ள நீர்வழிகளை மறித்திருக்கிறதா, எந்த நிலத்தில் விரிந்திருக்கிறது என்றும் பழைய படத்தையும் புதிய படத்தையும் வைத்து யாரும் பார்க்கலாம். தூய்மையான மின்சாரம் வேண்டும் என்பவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்.

மீன்பிடியில் எரிபொருள் மிச்சமும் தணிப்புதான். கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளால் அளந்து மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதியை இன்காய்ஸ் அறிவிக்கிறது. 2022 நவம்பரில் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 இதற்கும் பயன்படுகிறது. தேடி அலையும் தூரம் குறைந்தால் டீசல் குறையும். ஆழமான தென்கடலில் இது நன்றாகப் பொருந்தும். ஆழமற்ற, கலங்கிய பாக் விரிகுடாவில் சேற்றையும் பச்சையத்தையும் கருவி குழப்பிக்கொள்ளும் என்பதால் அங்கே அனுபவத்தையே முன்வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் இதையெல்லாம் கற்றுக்கொள்ள நல்ல நேரம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள்.

படி 7: கிராம சபைக்குக் கொண்டுபோங்கள்

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் கண்மாய் அட்டவணையை அன்று வையுங்கள். பருவம் முடிந்து எல்லாக் கணக்கும் கையில் இருக்கும்.

வரைபடம் பெரிய தாளில் இருக்கட்டும். அதில் பள்ளி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், ஏலக் கூடம் என்று எல்லோருக்கும் தெரிந்த இடங்களைக் குறியுங்கள். இல்லாவிட்டால் கோடுகள் யாருக்கும் எதுவும் சொல்லாது. எத்தனை மீட்டர் என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கூடக்குறைய எத்தனை என்பதையும் எழுதுங்கள். அதிகாரி ஒருவர் கேள்வி கேட்டால் தடுமாறாமல் நிற்க அதுவே உதவும். தீர்மானத்தில் கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: இந்த வரத்துக் கால்வாயைத் தூர்வாருங்கள், இந்தக் கரைத்துண்டில் புதிய கட்டடத்துக்கு அனுமதி தராதீர்கள் என்பது போல.

கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை 2019இன் கீழ் வரையப்படும் மண்டல வரைபடங்களை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுப் பெறலாம். அவற்றில் உள்ள உயர் ஓதக் கோட்டை உங்கள் கரைக்கோட்டோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பொதுக் கருத்துக் கேட்பின்போது எழுத்து மூலம் கொடுங்கள், படத்தின் தேதியையும் செயற்கைக்கோளின் பெயரையும் சேர்த்து.

கடைசியாக, கோப்புகளைப் பாதுகாப்பது. ஒவ்வொரு படத்துக்கும் இடம், ஆண்டு, மாதம், தேதி, செயற்கைக்கோள், திதி என்ற வரிசையில் பெயர் வையுங்கள். எந்த எல்லை மதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதை அதே உறையில் ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள். பருவநிலை என்று பேச வானிலையாளர்கள் 30 ஆண்டுத் தரவைக் கேட்கிறார்கள். இந்த வேலையை இன்று தொடங்கும் மாணவர் குழு மூன்று ஆண்டில் கல்லூரியை விட்டுப் போய்விடும். ஆகவே ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்திலும், ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்றை மீனவர் சங்கத்திலும் வைத்து, அடுத்து யார் தொடர்வார் என்ற பெயரை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரிப் படம் எடுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.